விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

எங்கள் பழைய அலுவலகம் ஆண்டுக்கொரு முறை ஊழியர்களுக்காக ஒரு மலர் போடும். அதில் ஓய்வுபெற்றவர்கள் எழுதுவதற்கென்று சில பக்கங்கள் உண்டு. இந்த முறை அந்தப் பக்கங்களுக்கு என்னை எழுதச் சொல்லிப் பிரவீணா போன் செய்தாள். நான் விலகிய பிறகு என் மேசைக்கு வந்தவள் அவள்.

"நான் எங்கம்மா ரிடையர் ஆனேன்? வேலைய விட்டேன், அவ்ளோதான். இன்னும் நாப்பதுகூட ஆவல" என்றேன்.

"காலையில பஸ்ஸுக்கு ஓடாதவங்க எல்லாருமே ரிடையர்தான்க்கா. இங்க ஸ்கேனர் வந்துடுச்சு. இனிமே டேப் புடிக்க ஆள் வேணாம். டேப் புடிச்சி வரைஞ்சவங்கள்ல கோர்வையா எழுதத் தெரிஞ்சது நீங்க மட்டுந்தான். எழுதிக் குடுங்க."

அந்தக் கருவியைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். முக்காலியின்மேல் நின்று தானாகச் சுற்றுகிறது. ஒரு சுற்று முடிவதற்குள் மண்டபத்தின் ஒவ்வொரு கல்லும் கணினிக்குள் வந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஏணியின் கடைசிப் படியில் நின்று, வௌவால் எச்சத்துக்கு நடுவில் டேப்பை நீட்டியவர்கள் யாரும் அந்தக் கருவியைப் பார்த்துக் கண்ணீர் விடமாட்டார்கள். ஆனால் அந்தக் கருவியால் ஒரு விரிசல் நகர்கிறதா நின்றுவிட்டதா என்று ஒரே சுற்றில் சொல்ல முடியாது. அதற்கு இப்போதும் காத்திருக்கத்தான் வேண்டும். நான் எழுத நினைப்பது அப்படிக் காத்திருந்த ஒரு கோயிலைப் பற்றி.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மகள் நர்சரிக்குப் போயிருக்கிறாள். காலையில் இரண்டு முறை இருமினாள். அனுப்பியிருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது. அனுப்பாமல் இருந்திருந்தால், இதற்கெல்லாமா லீவு போடுவது என்று தோன்றியிருக்கும். என் சுபாவம் அது. வேலையிலும் அப்படித்தான் இருந்தேன். அந்த வேலைக்கு அது ஒரு வகையில் பொருந்தியது.

பாலிடெக்னிக்கில் கட்டடக் கலை டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தேன். புதுச்சேரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் பழைய கோயில்களுக்குப் போக வேண்டும். இருப்பதை இருக்கிறபடி அளந்து வரைய வேண்டும். பழுது பார்க்கிறவர்களுக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் அந்தப் படங்கள் போகும். முதலில் டேப்பின் நுனியைப் பிடித்தேன். பிறகு டேப்பைப் படித்தேன். பிறகு வரைந்தேன். பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

எங்களுக்கு மேலதிகாரி மதாம் ஃபிலோமின். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அலுவலகத்தில் எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். பாராட்டமாட்டார், திட்டவும்மாட்டார். யாராவது அளவைச் சொன்னால், "இன்னொரு வாட்டி" என்பார். முதல் முறை சொன்னது டேப்பில் இருப்பது, இரண்டாம் முறை சொல்வதுதான் நாம் பார்த்தது என்பது அவர் கணக்கு. இரண்டும் ஒத்துப்போனால்தான் பென்சில் நகரும்.

இன்னொரு வழக்கம், ஒரு கோயிலுக்கு முதல் தடவை போகும்போது கையில் எதையும் எடுக்கவிடமாட்டார். டேப் கிடையாது, கேமரா கிடையாது, போன்கூடப் பையில்தான். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டும். வெளியே வந்ததும் டீக்கடையில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மழை பெஞ்சா தண்ணி எங்க போவும்?"

முதல் கோயிலில் எனக்குப் பதில் தெரியவில்லை. சிற்பங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வா" என்றார். திரும்பிப் போனேன். அதன் பிறகு எந்தக் கோயிலுக்குப் போனாலும் என் கண்ணுக்கு முதலில் தண்ணீர்தான் தெரியும். பழைய கோயில்களின் அழகு பாதிக்குமேல் அதில்தான் இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்த கோயில் ரெட்டியார்பாளையம் தாண்டி, விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஓர் ஊரில் இருக்கிறது. சோழர் காலத்துச் சிவன் கோயில். பெரிய கோபுரம் கிடையாது. சாலையிலிருந்து பார்த்தால் தென்னை மரங்களும் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். உள்ளே போனதும் கருவறையைச் சுற்றி நடந்தேன். சுவரின் உச்சியில் கபோதம் என்கிற கல் இறவாணம், கூரை ஓலை சரிகிற மாதிரி வளைந்து வெளியே நீண்டிருந்தது. அதன் அடிவிளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு காடி வெட்டியிருந்தார்கள். மழைத்தண்ணீர் அந்தக் காடிவரை வரும். அதைத் தாண்டிச் சுவருக்குப் போக முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். சொட்டுவது நேராக, கீழே தாங்குதளத்தின் மொத்தையான உருள்கல்லுக்கு வெளியே விழுகிற மாதிரி தளம் உள்வாங்கியிருந்தது. ஆயிரம் ஆண்டு மழை அந்தச் சுவரில் வழியவில்லை. கல் வெட்டியவர் ஒரு விரல் அகலத்தில் அதைச் செய்திருக்கிறார்.

கபோதத்துக்கு அடியில் பூதங்களின் வரிசை. குள்ளக் குள்ளமாக, தொந்தியோடு. ஒன்று சங்கு ஊதியது. ஒன்று மத்தளம் அடித்தது. ஒன்று பக்கத்துப் பூதத்தின் காதைப் பிடித்து இழுத்தது. வடமேற்கு மூலையில், பிற்காலத்தில் கட்டிய மடைப்பள்ளிச் சுவர் மறைத்துவிட்ட இடத்தில், ஒரு பூதம் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்து, சுவருக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டாக நுழைந்தால்தான் அது தெரியும். யாருக்காகச் செதுக்கினார்கள் என்று தெரியவில்லை. நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆனால் எங்களை அழைத்தது அதற்காக இல்லை. கருவறைக்கு முன்னால் இருக்கும் மகாமண்டபத்தின் வடக்குச் சுவரில் ஒரு விரிசல். மேலே உத்தரக்கல் சுவரில் உட்காரும் இடத்தில் தொடங்கி, கல் இடுக்குகளைப் பிடித்துப் படிப்படியாக இறங்கி, கை எட்டும் உயரத்தில் ஒரு கல்லையே பிளந்திருந்தது. அந்த உத்தரம்தான் கூரைப் பலகைக் கற்களைத் தாங்குகிறது. அதற்கு அடியில்தான் ஊரே நின்று கும்பிடும். கும்பாபிஷேகம் வரப்போவதால் திருப்பணிக் குழு அந்த மண்டபத்தைப் பிரித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்ட விரும்பியது. பிரிக்கலாமா கூடாதா என்று அரசுத் துறை எங்கள் அலுவலகத்திடம் கருத்துக் கேட்டிருந்தது.

குழுத் தலைவர் தண்டபாணி, மூடிப்போன மில்லில் பாதி வாழ்க்கை வேலை செய்தவர். அவரைக் கோயிலை இடிக்க வந்த ஆளாக நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் என்னை விரிசலுக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "மேல பாரும்மா" என்றார். பார்த்தேன்.

"மில்லுல ஒரு ஷெட்டு கூரை கீழ வந்தத நான் கண்ணால பாத்தவன். நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. விழறது எல்லாமே நேத்துவரைக்கும் நல்லா இருந்ததுதான். உங்களுக்கு ஒரு படம் போச்சுன்னா இன்னொரு படம் வரைஞ்சுக்குவீங்க. இங்க வெள்ளிக்கிழமையானா எங்க வீட்டுப் பொம்பளைங்க நிக்கிறாங்க."

அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

விரிசல் எல்லாமே ஆபத்தானவை இல்லை. கட்டி முடித்த சில வருடங்களில் தரை இறங்கி உண்டாகி, அப்படியே நின்றுவிட்ட விரிசல்கள் பல கோயில்களில் உண்டு. அவை பல நூறு ஆண்டுகளாக நகராமல் இருக்கும். இப்போதும் நகர்ந்துகொண்டிருப்பவைதான் ஆபத்து. இரண்டையும் பார்வையால் பிரிக்க முடியாது. அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் பிளாஸ்டரால் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். சுவர் மயிரளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஒரு மழைக்காலம் முழுக்க முழுசாக நின்றால் சுவர் அசையவில்லை என்று பொருள். கருவிகள் வந்த பிறகும் மதாம் இதை விடவில்லை. கண்ணாடிக்கு பேட்டரி தேவையில்லை என்பார்.

புரட்டாசியில் போய் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கை எட்டும் இடத்தில் ஒன்று என்று மூன்று பட்டைகள் ஒட்டினேன். மதாம் உள்ளே வரவில்லை. மகாமண்டப வாசலில் 'இந்துக்கள் மட்டும்' என்று ஒரு பழைய பலகை இருந்தது. தண்டபாணியே வந்து, "நீங்க வாங்க மேடம், உங்களை யாரு இன்னா கேக்கப்போறாங்க" என்றார். "போர்டு போட்டிருக்கீங்களே" என்றார் மதாம். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. எல்லாக் கோயில்களிலும் அப்படித்தான். பலகை எங்கே இருக்கிறதோ அங்கே நிற்பார். உள்ளே இருந்து நான் கத்துவேன். படியில் உட்கார்ந்து, "இன்னொரு வாட்டி" என்பார்.

தை மாதம் மறுபடி போனோம். அப்போது எனக்கு ஆறாம் மாதம். விரிசல் விட்ட கூரைக்குக் கீழே இந்த நேரத்தில் போய் நிற்க வேண்டுமா என்று மாமியார் கேட்டார். வேறு யாரையாவது அனுப்பச் சொல் என்று கணவர் சொன்னார். ஒட்டியவள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டும்வரை அவர்கள் சொன்னதுதான் சரியோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேலே இருந்த கண்ணாடி முழுசாக இருந்தது. நடுவில் இருந்ததும் முழுசாக இருந்தது. கீழே இருந்தது உடைந்திருந்தது. இரண்டு பக்கப் பிளாஸ்டரிலும் விளிம்புத் துண்டுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுப்பாகத்தைக் காணவில்லை.

அடிச்சுவரில் உடைந்தால் அதன் பொருள் அஸ்திவாரம் இறங்குகிறது என்பது. மழையில் மண் இளகியிருக்கலாம். தண்டபாணி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "நான் சொன்னனா இல்லையா?" என்றார். வெற்றி பெற்றவர் குரலாக அது இல்லை.

அந்த இடத்தின் சுத்தம் எனக்கு நெருடியது. பக்கத்துச் சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கண்ணாடி இருந்த இடம் மட்டும் யாரோ சோப்புப் போட்டுத் தேய்த்த மாதிரி வெளுத்திருந்தது. வெள்ளைப் பிளாஸ்டரின் ஓரம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

"இங்க யாராவது ஏதாவது பண்ணாங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. ஆபீஸ்ல இருந்து வர்றீங்கன்னு நேத்து ஆள வெச்சி நல்லாக் கழுவி வெச்சோம். வர்றவங்க முன்னாடி அசிங்கமா இருக்கலாமா?"

அவர் மரியாதைக்குச் செய்தது. அந்த மரியாதையில் நான் பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

வெளியே வந்தேன். கோயில் வாசலில் பூ விற்கும் அஞ்சலை, பெரிய மார்க்கெட்டில் வாங்கிவந்த உதிரிப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முழம் வாங்கிக்கொண்டு, உள்ளே சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"கண்ணாடி அம்மனா?" என்றார்.

"யாரு?"

"அதாம்மா, நீங்க வந்து பிரதிஷ்ட பண்ணிட்டுப் போனீங்களே."

நான் ஒட்டியது அளவுக்கு என்று சொன்னேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நடந்தது இதுதான். அம்மன் சன்னதியின் வாசல் அந்த விரிசலுக்கு அடுத்து இருக்கிறது. குங்குமம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள், நெற்றிக்கு வைத்தது போக மிஞ்சியதைப் பக்கத்தில் இருக்கிற தூணிலோ சுவரிலோ போட்டுவிட்டுப் போவது வழக்கம். எல்லாக் கோயிலிலும் பார்க்கலாம். இங்கே என் பிளாஸ்டர் மேடு ஒரு சின்ன மாடம் மாதிரி வாகாக இருந்திருக்கிறது. முதலில் குங்குமம் சேர்ந்தது. குங்குமம் இருப்பதைப் பார்த்து யாரோ பூ வைத்தார்கள். பூ இருப்பதைப் பார்த்து விளக்கு வைத்தார்கள்.

"கார்த்திக மாசம் வெள்ளிக்கிழம, செம மழ. நாங்க ஒரு ஏழெட்டுப் பேரு உள்ள மாட்டிக்கினோம். சரின்னு கண்ணாடிக்கு அடியில ஒரு தட்டு வெச்சி சூடம் ஏத்தினோம். எரிஞ்சுக்கினே இருக்கு, 'டப்'புன்னு ஒரு சத்தம். அம்மா உத்தரவு குடுத்துட்டான்னு எல்லாரும் 'ஓம் சக்தி'ன்னு கத்துனோம் பாரு, குருக்கள் பயந்துக்கினு ஓடியாந்துட்டாரு."

"உடைஞ்ச துண்டு எங்க?"

அஞ்சலை பூவைக் கட்டுவதை நிறுத்தினார்.

"அது எதுக்கு உங்களுக்கு?"

"பாக்கணும்."

"எங்க வீட்டு சாமி மாடத்துல கீது. குடுக்க மாட்டேன். கல்யாணமாயி அஞ்சு வருஷம் கழிச்சி என் பொண்ணு இப்பதான் முழுகாம இருக்கா. கண்ணாடிய எடுத்தாந்த மாசம். நீங்களே புள்ளத்தாச்சி, உங்களுக்குத் தெரியாதா?"

எடுக்கமாட்டேன், தொடக்கூட மாட்டேன் என்று சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் பின்தெரு. மஞ்சள் துணியில் இரண்டு துண்டுகள் இருந்தன. அவரே எடுத்துத் தட்டில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். சுவர் நகர்ந்து உடைந்திருந்தால் உடைப்பு விரிசலின் மேலேயே நேர்க்கோடாக இருக்கும். இது ஓடை மாதிரி வளைந்து ஓரத்துக்குப் போயிருந்தது. சூட்டில் தெறித்த கண்ணாடி அப்படித்தான் உடையும். கண்ணாடியின் அடிப்பக்கம் சூடக்கரி படிந்து கறுத்திருந்தது. உடைந்த முகத்தில் கரி இல்லை. உடைந்த பிறகு எரிந்திருந்தால் அங்கேயும் கரி ஏறியிருக்கும். ஒரு தாளை விரித்து அந்த வளைவை வரைந்துகொண்டேன். அஞ்சலை அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

"வரைஞ்சா அதும் சக்தி போயிடுமா?"

"போகாதும்மா."

"நல்லாப் பாத்து சொல்லு."

கோயிலுக்குத் திரும்பி வந்து, மதாமும் தண்டபாணியும் இருக்கும்போது சொன்னேன். சூட்டினால் உடைந்திருக்கிறது, சுவர் நகர்ந்து இல்லை. தண்டபாணி பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல மழையில 'டப்'புன்னு உடைஞ்சிருக்கு. மழை பெஞ்சி மண்ணு எளகி செவுரு எறங்கியிருக்கலாமில்ல? சூடம் ஏத்தன நேரம் பாத்து அது நடந்திருக்கலாமில்ல?"

நடந்திருக்கலாம். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மேலே இரண்டு கண்ணாடிகள் முழுசாக இருந்தன, ஒரு வளைந்த உடைப்பு இருந்தது, அவ்வளவுதான். சரியான வழி, புதுக் கண்ணாடி ஒட்டி இன்னொரு மழைக்காலம் காத்திருப்பது. ஆனால் அதற்குள் பிரிக்கிற வேலைக்கு ஆள் பேசியாகிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் மதாமிடம் கேட்டேன், நாம் என்ன எழுதப்போகிறோம் என்று.

"நாம இல்ல" என்றார். "நான் படியைத் தாண்டல. கண்ணாடியை நான் பாக்கல. பாத்தது நீ. நீ எழுது, உன் பேர்ல."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க மதாம்?"

"பாக்காததப் பத்தி நான் நெனைக்கிறதில்ல."

அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. மண்டபம் அப்படியே இருக்கலாம் என்று எழுதி அது விழுந்தால், கீழே நிற்கப்போவது அஞ்சலையும் அவர் மகளும். ஆபத்து என்று எழுதினால், பலகைக் கற்களைக் கிரேன் வைத்து இறக்கி வரிசையாக அடுக்கிவைப்பார்கள். அப்படி அடுக்கிய கற்கள் திரும்ப ஏறியதை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. மண்டபத்தைத் தொட்டால் அதை ஒட்டிய கபோதத்தையும் தொடுவார்கள். யாரையும் கொல்லாமல் ஒரு கட்டடத்தைக் கொல்வது எளிது. பொறுப்பு என்று பார்த்தால் ஆபத்து என்று எழுதுவதுதான் பத்திரமான பதில். வயிற்றில் குழந்தை உதைக்கும்போதெல்லாம் அந்தப் பத்திரமான பதிலையே எழுதிவிடலாம் என்று இருந்தது.

கடைசியில் எழுதினேன். கீழ்க் கண்ணாடி அநேகமாகச் சூட்டினால் உடைந்தது. விரிசல் அநேகமாகப் பழையது. பிரிக்க வேண்டாம். உத்தரத்துக்கு இரும்பு முட்டு கொடுத்து, புதுக் கண்ணாடி ஒட்டி, அடுத்த மழை முடியும்வரை பார்க்க வேண்டும். மதாம் படித்துப் பார்த்தார்.

"ரெண்டு எடத்துல 'அநேகமாக' போட்டிருக்க. வேணுமா?"

"வேணும் மதாம்."

"அப்ப இருக்கட்டும்" என்று சொல்லி மேலே அனுப்பிவிட்டார். துறை அதை ஏற்றுக்கொண்டது.

முட்டு கொடுக்கும் நாளில் தண்டபாணி என்னிடம் வந்தார். "அநேகமாவா? அநேகமா நிக்கிற மண்டபத்துல ஜனங்க எப்டிம்மா நிப்பாங்க? கால் மாத்தி கால் மாத்தியா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் முட்டுக் கம்பிகளின் ஒவ்வொரு போல்ட்டையும் அவரே கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

புதுக் கண்ணாடி ஒட்டும்போது மதாம் படியில் இருந்தபடியே ஒரு மாற்றம் சொன்னார். விரிசலில் ஒட்டியது போக, மிச்சமிருந்த பட்டை ஒன்றை, விரிசலே இல்லாத நல்ல சுவரில், அம்மன் சன்னதி வாசலுக்கு இன்னும் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். "கும்பிட ஒண்ணு, பாக்க ஒண்ணு" என்றார். அவர் நகைச்சுவையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதன் பிறகு எங்கள் அலுவலகம் எங்கே கண்ணாடி ஒட்டினாலும் இந்த முறைதான் என்று பிரவீணா சொல்கிறாள்.

எனக்கு அந்தக் கோடையில் பிரசவம். கும்பாபிஷேகம் முட்டுக் கம்பிகளோடு நடந்தது என்று கேள்விப்பட்டேன். அடுத்த மழைக்காலம் முடிந்து மதாம் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்திருந்த பிரவீணா உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள். "எல்லாம் முழுசா இருக்குன்னு ரெண்டு வாட்டி சொன்னா" என்றார் மதாம். வாழ்த்து, பாராட்டு எதுவும் இல்லை. அதற்குள் நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து குழந்தைக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது. ஏணி ஏற வேண்டிய நாளில் ஜுரமென்று போன் வந்தால் டேப்பில் படித்த எண் மனதில் நிற்கவில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது வேறு அளவு வந்தது. பெரிய காரணங்கள் வேறெதுவும் இல்லை.

பிரவீணா எழுதச் சொன்ன பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போனேன். வேலையை விட்ட பிறகு இதுதான் முதல் தடவை. முட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். சன்னதி வாசலில் ஒட்டிய கண்ணாடி, குங்குமத்துக்கும் எலுமிச்சம்பழ மாலைக்கும் பின்னால் கண்ணாடி என்றே தெரியாமல் இருந்தது. அதற்கு யாரோ, சிலையைச் சுற்றிப் போடுகிற மாதிரி, பித்தளையில் ஒரு திருவாசி வளைவு போட்டிருக்கிறார்கள். விரிசலின்மேல் இருந்த கண்ணாடியை யாரும் தொட்டிருக்கவில்லை. அதன்மேல் தூசி படிந்து, உடைந்திருந்தால்கூடத் தெரியாத அளவுக்கு மங்கிப்போயிருந்தது. முந்தானையால் துடைத்தேன். முழுசாக இருந்தது. இன்னொரு வாட்டி பார்த்தேன். முழுசாகத்தான் இருந்தது.

மகளுக்குப் பசி. உள்ளே பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொன்னையில் பொங்கல் வாங்கிக்கொண்டு அவளை வெளியே வன்னி மரத்தடிக்குக் கூட்டிவந்தேன். மண்டபத்துக்குள் நாலைந்து குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தார். இடுப்பில் ஒரு பேரன் இருந்தான்.

"இன்னா மேடம், வெளியில வெய்யில்ல குந்தியிருக்கீங்க? உள்ள எவ்ளோ குளுகுளுன்னு கீது."

"பரவால்லம்மா. இங்கயே காத்து வருது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே உத்தரத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அடிப்பாவி! நீ எழுதிக் குடுத்தத நம்பித்தான் நாங்க ஊரே உள்ள குந்திக்கினு துன்றோம். உனக்கே நம்பிக்க இல்லையா?"

நம்பிக்கை இருக்கிறது என்றுதான் சொன்னேன். "அப்ப வா" என்று சொல்லி என் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குழந்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அஞ்சலை அவளை உட்கார வைத்தது நேராக அந்த உத்தரத்துக்குக் கீழே. குளிர்ந்த இடம் அதுதான் போலிருக்கிறது. நான் தொன்னையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன்.

ஊட்டி முடிக்கும்வரை மேலே பார்க்கவில்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் பார்த்தேன். குழந்தைக்கு மெதுவாகச் சாப்பிடுகிற பழக்கம். அவசரப்படுத்தவில்லை.